பச்சை நார்க் கட்டு

ஜெயபுரம்
20.08.1986

அன்பு மகள் கமலாட்சிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், குவைத்தில் நீ சுகமாக இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் அதுவே எங்களுக்குச் சாப்பாடு. மழை இல்லை, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது, சிவப்பி கன்று போட்டிருக்கிறது. அம்மா காலை முறித்துக்கொண்டாள். பதறாதே, வீட்டுக்கு வந்துவிட்டாள், பிளாஸ்டர் போட்ட காலை நீட்டிக்கொண்டு என்னை ஏவிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் நானும் அவளும் பக்கத்துக் காணி ஆண்டியப்பனும் காட்டுக்கு விறகுக்குப் போனோம். தலைச்சுமையோடு வந்தவள் எலிப்பொந்தில் கால் புதைந்து விழுந்தாள், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முதலுதவி வகுப்புக்குப் போன நாளில் மண்வெட்டிப் பிடியை என் காலில் வைத்துக் கட்டிப் பழகினாயே, அதுதான் ஞாபகம் வந்தது. காலை இழுக்கவில்லை, நிமிர்த்தவில்லை. இரண்டு கம்பு வெட்டி, தொடையிலிருந்து பாதம் வரை வைத்து, என் இடுப்புச் சாரத்தைக் கிழித்து இடையில் மெத்தையாகக் கொடுத்தேன். கட்டுவதற்கு மட்டும் மரத்தில் பச்சைப் பட்டை உரித்து நார் எடுத்தேன், அங்கேதான் என் புத்தி புல் மேயப் போய்விட்டது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாம் இருந்தபோது பச்சை நாரால் கட்டினால் அந்த மழைக்கும் பனிக்கும் அது பச்சையாகவே கிடக்கும். இந்த வெயிலில் காய்ந்து சுருங்கும் என்று, இங்கே வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு உறைக்கவில்லை. சாக்கில் கம்பு கோத்து, அதில் அவளைக் கிடத்தி இரண்டு மணி நேரம் சுமந்தோம். வழியில், கால் மரத்துப்போச்சுங்க, வலி கொறஞ்சிருக்கு என்றாள், நானும் நல்லதென்று நடந்தேன்.

ரோட்டில் டிராக்டரோடு வந்த கதிர்காமநாதன் ஐயா விரல்களைப் பார்த்தார். உதென்ன கட்டு, பச்சை நார் காய்ஞ்சா இறுகுமெண்டு தெரியாதே? கால் நீலம் பாரிச்சுப் போச்சு என்று சொல்லித் தானே கத்தியால் அறுத்தார். அம்மா அரை மயக்கத்தில் கிடந்தாள், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் அரை மணி போயிருந்தால் பாதத்தை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் ஆசுபத்திரி டாக்டர். கால் தப்பியது, சுண்டுவிரலுக்கு மட்டும் இன்னும் உணர்ச்சி வரவில்லை.

கட்டிய பிறகு விரல் நகத்தை அமுக்கிப் பார்க்க வேண்டும், வெளுத்தது உடனே சிவக்க வேண்டும், இல்லையென்றால் கட்டைத் தளர்த்த வேண்டும் என்று அன்றைக்கு நீ சொன்னாய், நான் சிரித்தேன். இப்போது தினமும் தேத்தண்ணி கொடுக்குமுன் அமுக்கிப் பார்க்கிறேன். ஒங்களுக்குப் பைத்தியமா என்று திட்டுகிறாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், எங்க ஆளு கட்டுன கட்டுலதான் காலு தப்பிச்சிச்சு என்று சொல்கிறாள். ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொள்கிறான், எனக்கு உடம்பு கூசுகிறது. களைத்துப்போனேன் தாயி, சமைப்பதாலும் மாடு பார்ப்பதாலும் மட்டும் இல்லை.

வேலையை விட்டு வந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் மெசினுக்கு நேரே படுக்காதே. முருகன் உன் தலைமாட்டில் நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, பதில் கடிதத்தில் இந்த நார் விஷயத்தை அம்மாவுக்கு எழுதிவிடு. உன் கடிதத்தை நான்தானே அவளுக்கு வாசிக்கிறேன். என் வாயால் சொல்ல வரவில்லை, நீ எழுதியிருந்தால் வாசித்துவிடுவேன்.

உன் அப்பா
பொ. சுடலைமுத்து