எட்டு லிட்டர் தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் ஒரு வாரமா குமட்டல். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் இல்லாம இருக்கணும். அப்பா முட்டி வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே மொட்டை மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கறார், சொன்னா கேக்கறதில்லை. நீ பிடிவாதமா சேர்த்துவிட்ட சாயங்கால வகுப்புக்கு ஒழுங்காப் போறேன். கணக்குப் புத்தகத்தைத் தொட்டாலே எரிச்சல். ஒருத்தர் சம்பளத்துல பாதியை வாடகைக்குக் கொடுத்தாராம், மீதியில மூணுல ஒரு பங்கு பஸ்ஸுக்காம், கையில இவ்வளவு மிச்சம், அப்ப சம்பளம் எவ்வளவுன்னு கேக்கறாங்க. அந்த ஆளுக்கே தன் சம்பளம் தெரியாதான்னு கேட்டேன், வகுப்பே சிரிச்சுது. தெரியாததுக்கு எக்ஸ்னு பேர் வை, தெரிஞ்சதை எல்லாம் அந்தப் பக்கம் தள்ளுன்னாங்க டீச்சர்.

தள்ளினேன், நாத்தம்தான் வெளிய வந்துச்சு. நான் சமைக்கிற பிள்ளைங்க விடுதியில மேனேஜர் பால் பில்லை யார் கண்ணுலயும் காட்ட மாட்டார். போன வாரம் மறந்து சமையற்கட்டு மேஜையிலேயே வச்சுட்டுப் போயிட்டார். ஒரு நாள் பாலுக்கு மொத்தம் ஆயிரத்து ஐநூத்தி இருபது, வேற விவரம் இல்லை. லிட்டர் அறுபது, வண்டிக்கூலி இருநூறுன்னு பால் டிப்போ போர்டுலயே இருக்கு. 60x + 200 = 1520ன்னு பருப்பு அட்டைப்பெட்டி மேல எழுதிப் பார்த்தேன். எக்ஸ் இருபத்திரெண்டு. நூத்திப்பத்துப் பிள்ளைங்களுக்கு ஆளுக்கு இருநூறு மில்லி, சரியா இருக்கு. ஆனா கேன்ல வர்றது பதினாலு லிட்டர்தான், தினமும் அளக்கறவளே நான். மீதி எட்டு லிட்டருக்குக் குழாய்த் தண்ணி. கெட்டிப் பால் பிள்ளைங்களுக்குச் செரிக்காது, டாக்டரே சொன்னார்னு மேனேஜர் சொன்னதை நம்பி ரெண்டு வருஷமா இந்தக் கையாலதான் ஊத்தினேன்.

நேரே போய்க் கேட்டேன். கரண்டி பிடிக்கிற கைக்கு அல்ஜீப்ரா எதுக்குக்கான்னு பல்லை இளிச்சார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தினம் ரெண்டு லிட்டர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னார். த்தூ! ஆனா உன்கிட்ட மறைக்க மாட்டேன், அப்பா முட்டிக்குப் பால் நல்லதாச்சேன்னு ஒரு நொடி தோணிச்சு. அவரைவிட அந்த நொடிதான் எனக்கு அருவருப்பா இருக்கு.

மறுநாள் தண்ணி ஊத்தலை. ஆளுக்கு அரை டம்ளர்தான் கிடைச்சுது, பிள்ளைங்க தட்டைத் தட்டினதுல வார்டனம்மாவே ஓடி வந்தாங்க. பில்லையும் அட்டைப்பெட்டியையும் அவங்க முன்னாடி வச்சேன். மூணு தடவை போட்டுப் பார்த்தாங்க, முகம் செத்துப் போச்சு. மத்தியானத்துக்குள்ள மேனேஜரை வெளிய அனுப்பிட்டாங்க.

திங்கட்கிழமை இருபத்திரெண்டு லிட்டரும் வந்துச்சு. ஆடை மிதக்கக் காய்ச்சி டம்ளர் நிறைய ஊத்தினேன். முதல் வரிசையில இருந்த சின்னப் பொண்ணு ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சா. பால் கெட்டுப்போச்சுக்கா, என்னமோ மாதிரி இருக்குன்னா. பக்கத்துல இருந்ததும் அதையே சொல்லுது. பதினொரு டம்ளர் அப்படியே திரும்பி வந்துச்சு. இது நல்ல பால்தான்டின்னு அவங்க எதிர்லயே ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டினேன், நம்பலை. ரெண்டு வருஷமா நான் ஊத்தின தண்ணிப்பால்தான் அதுங்க நாக்குக்குப் பால்.

ரெண்டு பேரும் மனசு நிறைஞ்சு நல்லா இருங்க. நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்காதே. பதில் போடும்போது எனக்குச் சமாதானம் மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா