வண்டியோடு வந்தவர்

கொரட்டூர்
13.11.1995

அன்புள்ள அப்பாவுக்கு,

தாட்சாயிணி எழுதுகிறேன். மூன்றாவது ஸ்டேஷனில் இருக்கிற அப்பாவுக்கு எவளாவது கடிதம் எழுதுவாளா என்று அம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். இங்கே போன், கூடத்தில் அத்தையின் நாற்காலியை ஒட்டி இருக்கிறது. திருமுல்லைவாயிலில் உங்களுக்குப் போனே இல்லை. நேரில் வந்தாலும் நீங்கள் என்னைப் பார்க்க வருவதில்லை, வண்டியைப் பார்க்க வருகிறீர்கள்.

நேற்று கொட்டுகிற மழையில் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் தலைக்குப் பிடிக்க வேண்டிய குடையை எஞ்சினுக்குப் பிடித்தபடி நின்றீர்கள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டால் அத்தையும் எட்டிப் பார்ப்பார்களே என்று கூப்பிடவில்லை.

"டாங்கி செய்யற ஃபேக்டரியில இருந்தவரு, அவருக்கு இந்தக் காரெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார்கள் அத்தை. அப்பா அங்கே டைம் ஆபீஸில் உட்கார்ந்து யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதியவர், டாங்கியைத் தொட்டதுகூட இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நீங்கள் சைக்கிள் செயின் கழன்றாலே கடைக்குத் தள்ளிக்கொண்டு போவீர்கள் என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

வண்டியைக் கல்யாணச் சீராகக் கொடுத்தாகிவிட்டது. கோயிலுக்குப் போகும்போது அத்தைக்கு அது 'நம்ம வண்டி'. ஸ்டார்ட் ஆகாத அன்று மட்டும், "உங்க அப்பா குட்த வண்டி தானே, அவராண்டயே சொல்லு." உங்கள் மாப்பிள்ளை கெட்டவர் இல்லை அப்பா. ஆனால் அவர் அம்மா பேச ஆரம்பித்தால் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொள்வார்.

இனிமேல் வண்டிக்காக வராதீர்கள். எனக்காக வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

உங்கள் மகள்,
தாட்சாயிணி


திருமுல்லைவாயில்
17.11.1995

செல்ல மகள் தாட்சாயிணிக்கு,

அப்பா, அம்மா இருவருடைய ஆசியும். நாங்கள் சுகம். உன் கடிதத்தை அம்மா ஸ்டவ்வைக் கூட அணைக்காமல் நின்றபடியே படித்தாள். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் என் மேல்தான்.

மழையில் நனைந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வண்டி பாவம் அம்மா. வாரக்கணக்கில் முருங்கை மரத்தடியில் நின்றால் பேட்டரி உட்காராமல் என்ன செய்யும்? மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். தினமும் காலையில் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்று மெக்கானிக் சுலைமான் பாய் சொல்கிறார். எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடித்திருந்தது. அந்துருண்டை கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எடுத்துவிட வேண்டாம்.

எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ரிட்டயர் ஆனவனுக்குப் பொழுது போக வேண்டாமா? பாயின் ஷெட்டில் டீ கிடைக்கிறது, பேச்சுத்துணை கிடைக்கிறது. போகிற சாக்கில் ஜன்னலில் உன் முகத்தையும் பார்த்துவிடுகிறேன்.

சம்பந்தியம்மா பெரியவர்கள். நாலு வார்த்தை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நீ பதில் பேசாதே. மாப்பிள்ளைக்கும் அவர்களுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அப்பா (வீரராகவன்)


கொரட்டூர்
11.12.1995

அப்பா,

நலம் விசாரித்து எழுத இன்று கை வரவில்லை.

நேற்று மேனாம்பேட்டில் சின்னத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். வண்டி ரிப்பேருக்குப் போய் ஷெட்டிலேயே இருந்ததால் நாங்கள் ஆட்டோவில் போனோம். திரும்பும்போதாவது வண்டி இருக்கட்டும் என்று நீங்கள் பாயிடம் அவசரப்படுத்தியிருப்பீர்கள். ஷெட் ஆள் ஓட்டிவர, முன் சீட்டில் நீங்கள் வந்து இறங்கினீர்கள். அவர் வண்டியை விட்டுவிட்டு அப்போதே போய்விட்டார். நீங்கள் போகவில்லை. துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தீர்கள். நான் மாடியில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன்.

தாயம்மாள் சின்னத்தை என் கல்யாணத்தின்போது பம்பாயில் இருந்தவர்கள். உங்களைப் பார்த்ததில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உங்கள் மாப்பிள்ளையிடம், "ராஜசேகரு, உங்க டிரைவரு வாசல்லயே நிக்கிறாரே, வயசானவரா கீறாரு. சாப்டாரா இன்னான்னு கேளு" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னார்கள்.

அவரும் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சுற்றிலும் அவருடைய பேங்க் சிநேகிதர்கள். "அங்கியே குட்த்துட சொல்லுங்க சின்னம்மா" என்றார்.

அப்பா, நான் பக்கத்தில்தான் இருந்தேன். 'அது என் அப்பா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. கீழே இறங்கி ஓடி வரவும் கால் வரவில்லை. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, இலையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சாப்பிட்டதை முழுக்கப் பார்த்தேன். நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கினீர்கள். நான் தூண் மறைவுக்குப் போய்விட்டேன்.

நீங்கள் போன பிறகு நாங்கள் அந்த வண்டியில்தான் திரும்பி வந்தோம். சீட்டெல்லாம் பளபளவென்று இருந்தது.

என்ன எழுதி இதை முடிப்பது என்று தெரியவில்லை.

தாட்சாயிணி


திருமுல்லைவாயில்
15.12.1995

அருமை மகளுக்கு,

உன் கடிதம் பார்த்து முதலில் திகைத்துப் போனேன். பிறகு சிரித்துவிட்டேன். எதையோ பார்த்து எதையோ நினைத்து இப்படி அழுதிருக்கிறாயே!

அன்றைக்கு நான் மேனாம்பேட்டுக்கு வரவே இல்லையம்மா. காலையிலேயே முட்டி வலி. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். பாய் தன்னிடம் வேலை செய்யும் துலுக்கானம் என்பவரை வண்டியோடு அனுப்பினார். நீ பார்த்தது அவரைத்தான். அவரும் நரைத்த தலை, என்னைப் போலவே வெள்ளை அரைக்கைச் சட்டை. மாடியிலிருந்து பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். விருந்து பிரமாதம், பாயசம் முதல் தரம் என்று அவர் பாயிடம் சொன்னாராம்.

ஆகவே மாப்பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை. டிரைவரை டிரைவர் என்று நினைத்துச் சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இதற்காக அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. சேர்ந்து வாழ வேண்டிய பிள்ளைகள் நீங்கள்.

மார்கழி பிறக்கப் போகிறது. ஈரத்தலையோடு வாசலில் நிற்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா


கொரட்டூர்
25.12.1995

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை மேலேயே வைத்துவிட்டேன். அவர் கண்ணில் படட்டும் என்றுதான் வைத்தேன்.

படித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகம் தெளிந்தது. "அப்ப அது மாமா இல்லியா? நான் இன்னான்னா நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்காம கீறேன்" என்றார். அவர் நம்ப ஆசைப்பட்டார். எனக்கும்தான் ஆசை. ஆனால் என் அப்பா சட்டைப்பையில் கண்ணாடிக்கூட்டை வைத்துக்கொண்டு குனிகிற விதம் எனக்குத் தெரியாதா?

நேற்று அவரே வண்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அந்தத் துலுக்கானம் பெரியவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பழமும் வாங்கிக்கொண்டார். அங்கே துலுக்கானம் யார் என்று கேட்டிருக்கிறார். வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவர் கல்யாணம்கூட ஆகாத ஆள். தலை நிறைய கருகருவென்று முடி. "அன்னிக்கி நான் வண்டிய உட்டுட்டு வந்துட்டேன் சார். தாத்தா தான் இருந்து தொடச்சிட்டு வரேன்னாரு" என்றாராம்.

அங்கிருந்து நேராக உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். நீங்கள் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டு இருந்தீர்களாம். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். "எறங்க முடியல தாட்சா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு எறங்குவேன்?" என்றார். பழம் இன்னும் வண்டியிலேயே கிடக்கிறது.

பிறகு அவர் அம்மாவிடம் போய், "அன்னிக்கி மேனாம்பேட்ல வெளிய உக்காந்து சாப்ட்டது மாமா. நான் தான் அப்டி குடுக்க சொன்னேன்" என்று சொன்னார். பேப்பர் எதுவும் கையில் இல்லை. அத்தை எழுந்து பூஜை அறைக்குப் போய் விளக்கே ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

'மாமா ஏன் பொய்யா எழுதணும்?' என்று என்னிடம் கேட்டார். எனக்காக எழுதவில்லை, உங்களுக்காகத்தான் எழுதினார் என்றேன். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

வருகிற ஞாயிறு இருவரும் வருகிறோம். இந்த முறை நான் கதவைத் திறந்து இறங்கிவிடுவேன். அவரும் இறங்கித்தான் ஆக வேண்டும். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, அதெல்லாம் ஒன்றுமில்லை மாப்பிள்ளை என்று சொல்லி அவரைத் தப்பிக்க விடாதீர்கள். என்னையும்தான். முட்டி வலி என்றும் சொல்லாதீர்கள், துலுக்கானம் என்றும் சொல்லாதீர்கள். நாங்கள் திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டு முடிக்கும் வரைக்கும் பொறுத்திருங்கள். கேட்டு முடித்த பிறகு, எங்கள் முகத்தைப் பார்த்து, ஆமாம், அது நான்தான் என்று ஒருமுறை சொல்லுங்கள் அப்பா.

உங்கள்,
தாட்சாயிணி