நாலு கரண்டி சர்க்கரை

ஜித்தா, செவ்வாய்

அன்புள்ள அம்மா,

இறைவன் அருளால் நலம். முழங்கால் வலி குறைந்ததா?

மருத்துவமனையில் நோய்களுக்குக் குறியீட்டெண் போடும் எங்கள் மேசைக்கு நேற்று ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் கோப்பு வந்தது. சர்க்கரை கூடியிருந்தது, நோயின் பெயரை மருத்துவர் எழுதவில்லை.

"நீரிழிவுன்னு போட்டுட்டு அடுத்ததை எடு, நஷ்வா!" என்றார் மேற்பார்வையாளர் ருகையா.

அப்படிப் பதிந்தால் ஓட்டுநரின் வேலை போய்விடும். கோப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன்.

"நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று சீறியவர், எனக்கும் கேட்கும்படி ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"வெறும் வயித்துலதான் வந்தேன், டாக்டர். டீ மட்டும்தான், நாலு கரண்டி சர்க்கரையோட!"

மருத்துவர் மறுசோதனைக்கு எழுதினார்.

அம்மா, உங்களுக்கும் நீரிழிவு என்று எழுதியிருந்தீர்களே, சோதனைக்குப் போன அன்று காலை டீ குடித்தீர்களா? நம் வீட்டு டீயை எனக்குத் தெரியும். இங்கே அப்படிப் போட்டுத் தர யாருமில்லை. சோதனைத் தாளைப் படம் எடுத்து அனுப்பத் தங்கையிடம் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்தத் தாளைப் பார்க்கும்வரை எனக்கு எந்தக் கோப்பிலும் கண் நிற்காது.

உங்கள் நஷ்வா