பாதி வழிக் கிளைகள்

ஸ்டாக்ஹோம்
1921 பிப்ரவரி 20

என் அன்பு தெக்லா அக்காவுக்கு,

உன் சிக்னே எழுதுகிறேன். நீயும் அத்தானும் நலமா? நீ அனுப்பிய உப்பு மீன் வந்து சேர்ந்தது. வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா இது, பூனை எதுவும் செத்துக் கிடக்குதா?" என்று கேட்டாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, உருளைக்கிழங்கோடு அத்தனையையும் தின்று தீர்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்று நீ கோபமாக இருப்பாய். இரு, சேதியைக் கேள். எனக்குக் கதாநாயகி வேடம் கிடைத்திருக்கிறது! மூன்று வருடமாகத் தட்டு ஏந்திய வேலைக்காரி, கல்யாணப் பெண்ணின் தோழி, இடுப்பளவு ஆற்றில் நின்று கையசைக்கிற மரவெட்டி மகள் என்று ஓடிவிட்டது. இப்போது ஒரு மீனவனின் மனைவி. புருஷனைத் தேடி உறைந்த கடலில் நடந்தே போகிறாள். இயக்குநர் வெஸ்ட்லிங்குக்குத் திரைச்சீலையில் வரைந்த கடல் ஆகாது. "பனியும் நிஜமா இருக்கணும், நடக்கறவ பயமும் நிஜமா இருக்கணும்" என்கிறார். நான்தான் நம் ஊர்ப் பக்கத்தைச் சொன்னேன். மார்ச் நடுவில் உங்கள் தீவுக்கு எதிரே, பியோர்க் முனையில் படப்பிடிப்பு.

இந்தப் படம் நன்றாக வந்தால் பெர்லின் கம்பெனி ஒன்று என்னை எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு அடிபடுகிறது. எனக்கும் இருபத்தாறு வயதாகிறது, அக்கா. இது போனால் அடுத்தது வராது. மார்ச் நடுவில் பனி தாங்குமா என்று அத்தானிடம் கேட்டு எழுது.

முத்தங்களுடன்,
உன் சிக்னே


ஹாவ்ஷேர் தீவு
1921 மார்ச் 6

அடி சிக்னே,

கடிதம் கிடைத்தது. கதாநாயகி ஆகிவிட்டாய் என்று படித்ததும் அடுப்படியில் நின்றே அழுதுவிட்டேன். சந்தோஷம்தான், பயப்படாதே. ஆனால் உடம்பைப் பார்த்துக்கொள். போன இலையுதிர் காலத்தில் ஆற்றில் நின்று ஜுரம் வந்து கிடந்தாயே, அதை எனக்குச் சொல்லாமல் மறைத்தாயே, அது மனதில் இருக்கிறது.

உன் கேள்வியை அல்கோட் அத்தானிடம் சொன்னேன். "கடல் என்ன, அவ டைரக்டர் வீட்டுக் கூடமா, தேதி போட்டு வெச்சிருக்க?" என்றார். இந்த வருடம் பனி சரியில்லை. மேலே பார்த்தால் ஒரு முழம் கனம் இருக்கிறது. கோடாலி போட்டால் உள்ளே குச்சி குச்சியாக உதிர்கிறது. மத்தியானங்களில் முனகுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. நம் நாய் நாலு நாளாகக் கரையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

பனிமேல் நடக்கிறவர்களுக்கு வழி காட்ட நட்ட கிளைகளைப் பிடுங்க அத்தான் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதைக்காரர் வேலையில் அவருக்கு இது பதினோராவது குளிர்காலம். கிளை நிற்கிற வரை அது பாதை, கிளை போனால் அது கடல். உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையோரத்தில் நின்று நடித்துவிட்டுப் போ, உள்ளே போகாதே.

தபால்கார ரூரிக் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "தங்கச்சிகிட்ட சொல்லி எனக்கும் ஒரு வேஷம் வாங்கிக் குடு தெக்லா. பையத் தூக்கிட்டு நடக்கறதுதானே, நடிக்கவே வேணாம்" என்றான். அவன் பெண்டாட்டி ஏட்லாவுக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு எங்களைப் பார்க்காமல் போகாதே. பாதை மூடியிருந்தாலும், பனிமேல் இழுத்தும் தண்ணீரில் துடுப்புப் போட்டும் போகிற பனிப்படகில் அத்தான் வந்து உன்னை அழைத்துக்கொள்வார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா தெக்லா


ரயிலடி
1921 மார்ச் 17, வியாழன் சாயங்காலம்

அன்பு அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். ரயில் வர இன்னும் சில நிமிடம்தான். வர முடியவில்லை, திட்டாதே. வெஸ்ட்லிங் நாளைக்கே ஸ்டாக்ஹோமில் இருக்க வேண்டுமாம்.

காட்சி அற்புதமாக வந்தது! நான்கு மணி வெளிச்சம் பனி முழுக்கச் சாய்ந்து விழுந்தது. கேமராக்காரன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே அழுதான். நான் நடந்தேன், விழுந்தேன், எழுந்தேன். உள்ளே போகவில்லை, சத்தியமாக.

யாரைப் பார்த்தேன் தெரியுமா? ரூரிக்கை! இங்கே ரயிலடியில் தபால் பையை வாங்க நிற்கிறான். செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்தப் பக்கம்தானாம். இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுக்கிறேன். "நாளைக்குக் காலம்பறக் காப்பிக்கு முன்னாடி உங்கக்கா கையில இருக்கும்" என்கிறான்.

ரயில் வந்துவிட்டது.

சிக்னே


ஹாவ்ஷேர்
1921 மார்ச் 22

சிக்னே,

ரூரிக் இல்லை. வெள்ளிக்கிழமை காலை மூடுபனியில் பியோர்க் முனையிலிருந்து நடந்து வந்தவன் பாதி வழியில் பனி உடைந்து உள்ளே போய்விட்டான். மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். பை தோளிலேயே இருந்தது. உன் கடிதம் அதற்குள்ளிருந்து வந்தது. போலீஸ் அதிகாரி எல்லாக் கடிதத்தையும் அடுப்பு மேலே உலர்த்தி வீடு வீடாகக் கொடுத்தார். மசி ஓடியிருந்தாலும் படிக்க முடிந்தது. படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இப்போது என் தலையில் விழுந்ததைக் கேள். அத்தான் புதன்கிழமையே கிளைகளைப் பிடுங்கிவிட்டார். இந்தக் கரையில் தொடங்கிப் பியோர்க் முனை வரை, முப்பத்தினான்கும். வண்டியில் போட்டு எடுத்து வந்ததை நான் பார்த்தேன். ஆனால் ரூரிக்கைத் தேடிப் போனவர்கள் அந்தப் பக்கக் கரையிலிருந்து இருபது கிளை வரிசையாக நிற்கிறதைப் பார்த்திருக்கிறார்கள்! நன்றாகக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, உறைய வைத்து நட்ட கிளைகள். இருபதாவது கிளையோடு வரிசை முடிந்துவிட்டது. அங்கிருந்து நாற்பது அடியில் ரூரிக்.

கிளை இல்லையென்றால் அவன் பனிப்படகு வரும் வரை அந்தக் கரையிலேயே காத்திருப்பான். கிளையைப் பார்த்து, பாதை திறந்திருக்கிறது என்று இறங்கிவிட்டான். ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அல்கோட் பாதி வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போயிட்டான்." என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அதிகாரி வந்து எழுதிக்கொண்டு போனார். ஜூன் ஏழாம் தேதி வழக்கு. வேலை போவது நிச்சயம், சிறை கூடக் கிடைக்கலாம் என்கிறார்.

அந்த முனையில் வீடு வாசல் இல்லை, கேட்க ஆளில்லை. வியாழக்கிழமை அங்கே இருந்தவர்கள் உங்கள் ஆட்கள்தான். நீங்கள் போனபோது அங்கே கிளைகள் நின்றனவா, இல்லையா? இந்த ஒன்றை மட்டும் எழுது. உன் ஒரு வரி போதும், அத்தான் தலை நிமிர.

அக்கா


ஸ்டாக்ஹோம்
1921 ஏப்ரல் 3

என் அருமை அக்கா,

ஐயோ, ரூரிக்கா! நம்பவே முடியவில்லை. எத்தனை நல்ல மனுஷன். ஏட்லாவுக்குக் கறுப்புத் துணி நல்லதாக எட்டு முழம் அனுப்பியிருக்கிறேன், என் பெயரைச் சொல்லிக் கொடு. பிள்ளைகளுக்கு மிட்டாய் வைத்திருக்கிறேன்.

அத்தான் மனம் தளர வேண்டாம் என்று சொல். ஊர்வாய் இரண்டு மாதத்தில் அடங்கிவிடும். உனக்குத் தலைவலி இன்னும் இருக்கிறதா? இங்கே படத்தை வெட்டி ஒட்டும் வேலை நடக்கிறது. எனக்கும் தூக்கமே இல்லை.

எப்போதும் உன்,
சிக்னே


ஹாவ்ஷேர்
1921 ஏப்ரல் 12

சிக்னே,

துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏட்லா வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

அடக்கத்தன்று வழக்கம்போல ரூரிக் வீட்டு வாசலிலிருந்து தேவாலயம் வரை ஊசியிலைத் தழை பரப்ப வேண்டியிருந்தது. அத்தான் விடிந்ததும் வெட்டி, வண்டி நிறையக் கொண்டுபோனார். ஏட்லாவின் அண்ணன் வாசலில் மறித்தான். "யார் வெட்டினது வேணா போடுறோம். நீ வெட்டின கிளைய நம்பி ஒருத்தன் போனது போதும்" என்றான். எண்பது பேர் முன்னால். அத்தான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் பேசுவதில்லை. பொழுதன்றைக்கும் கரையில் போய் நிற்கிறார். நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. என்ன சொல்கிறேன் என்று புரிகிறதா உனக்கு?

துணி, மிட்டாய், தலைவலி எல்லாம் எழுதினாய். நான் கேட்ட ஒன்றை விட்டுவிட்டாய்.

தெக்லா


ஸ்டாக்ஹோம்
1921 மே 1

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

நாங்கள் போனபோது கிளைகள் இல்லை. வெறும் வெள்ளை. வெஸ்ட்லிங் கேமராவுக்குப் பின்னால் நின்று, "இவ எங்க நடக்கறான்னே தெரியலையே. பாதைன்னு எப்படிக் காட்டறது?" என்றார். நான்தான் சொன்னேன், எங்கள் ஊரில் கிளை நடுவார்கள் என்று. ஆட்கள் காட்டிலிருந்து வெட்டி வந்து வெறுமனே குத்தி வைத்தார்கள், காற்றில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கோடாலியை வாங்கி நானே குழி வெட்டினேன். நானே தண்ணீர் ஊற்றினேன். சின்ன வயதில் அப்பாவோடு நாம் நட்டோமே, அதே மாதிரி. எல்லாரும் கைதட்டினார்கள். கேமராவுக்கு எட்டுகிற தூரம் வரை நட்டோம், இருபது. அதற்கு மேல் படத்தில் தெரியாது. உள்ளே போகவில்லை என்று உனக்கு எழுதியது பொய்.

வெளிச்சம் போனதும் எல்லாரும் வண்டியில் ஏறிவிட்டார்கள். பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அக்கா. தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். கை விறைத்திருந்தது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ரயிலடியில் ரூரிக்கைப் பார்த்ததும் சொல்லத்தான் நினைத்தேன். படகு வந்து அழைத்துப்போகும், இவன் எங்கே நடக்கப் போகிறான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவன் சிரித்தான். ரயில் ஊதியது. ஏறிவிட்டேன்.

செப்டம்பரில் படம் வெளிவருகிறது. பெர்லின்காரர்கள் ஒப்பந்தம் அனுப்பிவிட்டார்கள். இது வெளியே தெரிந்தால் எந்தக் கம்பெனி என்னை எடுக்கும்? அத்தானுக்கு வேறு வேலை கிடைக்கும். எனக்கு வேறு முகம் கிடையாது. உன் காலில் விழுகிறேன்.

உன் தங்கச்சி


ஹாவ்ஷேர்
1921 மே 10

சிக்னே,

அடுப்பில் போடவில்லை.

அத்தானிடம் படித்துக் காட்டினேன். "இதக் கோர்ட்டுல குடுக்காத. அவளே வந்து சொல்லட்டும். உன் கூடப்பொறந்தவளக் காட்டிக்குடுத்து எனக்கு ஒரு பேரு வேணாம்" என்றார். ஆறு வாரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதைவிட உன்னைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருக்கிறது. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவாய்? வா. ஜூன் ஏழாம் தேதி மத்தியானக் கப்பலில் வந்து இறங்கு. நான் துறையில் நிற்கிறேன், உன் கையைப் பிடித்து நானே கூட்டிப் போகிறேன். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. அதற்கப்புறம் யார் உன்னை என்ன சொன்னாலும் நான் இருக்கிறேன்.

உன் அக்கா


ஸ்டாக்ஹோம்
1921 ஜூன் 2

அக்கா,

நான்காம் தேதி பெர்லினுக்குக் கிளம்புகிறேன். தேதியை அவர்கள்தான் வைத்தார்கள், நானில்லை. அந்தக் கடிதத்தை எரித்துவிட்டாய் என்று நம்புகிறேன். எனக்காக இந்த ஒன்றைச் செய். முதல் சம்பளத்தில் உங்கள் இரண்டு பேரையும் அங்கே வரவழைத்துக்கொள்கிறேன்.

சிக்னே


ஹாவ்ஷேர்
1921 ஜூன் 9

சிக்னேவுக்கு,

பெர்லின் விலாசம் தெரியாது. உன் வீட்டுக்காரம்மா அனுப்பி வைப்பாள் என்று எழுதுகிறேன்.

கடைசிக் கடிதம் வந்த பிறகும் ஏழாம் தேதி மத்தியானக் கப்பலுக்குப் போய் நின்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு பசுவும் இரண்டு பாதிரியார்களும் இறங்கினார்கள்.

நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. ஏட்லா முன் வரிசையில், வயிறு மேடாக, நீ அனுப்பிய கறுப்புத் துணியில் தைத்த உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். நீதிபதி அத்தானைக் கேட்டார், "எல்லாக் கிளையையும் எடுத்தியா?" என்று. "எடுத்தேங்க." "அப்ப அந்த இருபதை நட்டது யாரு?" அத்தான் தொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினோரு வருடம் பாதைக்காரராக இருந்து ஒரு பொய் சொல்லாத மனுஷன். "தெரியாதுங்க" என்றார்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன்.

உன் மே மாதக் கடிதத்தை மேஜை மேல் வைத்தேன். நீதிபதி மனதுக்குள் படித்தார், பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். கை விறைத்திருந்தது என்ற இடத்தில் ஏட்லா கண்ணை மூடிக்கொண்டாள். ரயில் ஊதியது என்ற இடத்தில் அவள் அண்ணன் எழுந்து அத்தான் பக்கத்தில் வந்து நின்றான். அத்தானை விட்டுவிட்டார்கள். உன் பெயரை எழுதிக்கொண்டார்கள். இனி உன்னைத் தேடி வருவார்கள், அங்கேயும் வருவார்கள்.

கடைசியாக நீதிபதி என்னிடம் கேட்டார். "இதை எழுதினவங்க உனக்கு என்ன வேணும்?"

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் பதில் தெரியும். ஏட்லா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒரு சினிமா நடிகைங்க" என்றேன். "படம் எடுக்க எங்க பக்கம் வந்தாங்க."

"அக்கான்னு எழுதியிருக்கே?"

"எழுதியிருக்காங்க" என்றேன்.

தெக்லா