சொல்லாத செத்தவீடு

ஜூலை 10, வியாழன்

சோளகக் காற்று. கடை முழுக்கப் புழுதி. காலையில் துடைத்ததை மத்தியானம் மறுபடி துடைத்தேன். சைக்கிள் டியூப் இன்னும் வரவில்லை. வியாபாரம் மந்தம்.

பின்னேரம் வெள்ளெனவே பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் பஸ். மாதத்தில் ஒரு வியாழன், யோகனோடு ஹோட்டல் பார். ஏழு மணி வரை ஹப்பி அவர். ஒரு பியர் எடுத்தால் ஒன்று சும்மா. வெள்ளியில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட முடியாது, அதனால் வியாழன். யோகன் புத்தூரில் வெங்காயம் செய்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டு. ஏசிக் குளிரில் இரண்டு பேரும் துரைமார் மாதிரி உட்கார்ந்திருப்போம்.

வழமையான ஓர்டர்: கணவாய் டெவில், இறால் பொரியல், கடலை. இன்றைக்கு யோ. கடலை மட்டும் போதும் என்றான். பிறகு மரவள்ளிப் பொரியல். கணவாய் எனக்கு மட்டும் வந்தது. அதிலிருந்த வெங்காயத்தைக்கூட அவன் எடுக்கவில்லை. வயிற்றில் கோளாறா? இல்லை. விரதமா? இல்லை. பியர் குடிக்கிற வாய்க்குக் கணவாய் மட்டும் தீட்டோ என்று பகிடி விட்டேன்.

கிளாஸைப் பார்த்தபடியே சொன்னான்: "செத்தவீட்டுத் துடக்கு, மச்சான். அண்ணை செத்துப்போனார்."

என் கையில் முள்ளுக்கரண்டி, நுனியில் கணவாய்த் துண்டு. கீழே வைத்தேன்.

கரவெட்டியில் கல்யாணம் முடித்துப் போன அண்ணை. தாயின் காணியில் தன் பங்கை வெளியாளுக்கு விற்ற நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. போன மாதம் நெஞ்சுவலி, அன்றே முடிந்துவிட்டது. யோ.வுக்கு யாரோ வெங்காய வியாபாரி சொல்லித்தான் தெரியும். உடனே வெளிக்கிட்டிருக்கிறான், கரவெட்டிச் சந்தி வரைக்கும். அங்கே மோட்டார்சைக்கிளை நிற்பாட்டிவிட்டு நின்றிருக்கிறான், யாராவது கண்டு வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று. பறை கேட்டதாம். பிறகு திரும்பிவிட்டான்.

ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"சொல்லிவிடாத செத்தவீட்டுக்கு என்னெண்டு போறது? வேண்டாம் எண்டுதானே சொல்லாமல் விட்டவை."

ஆனால் அன்றிலிருந்து அவன் வீட்டு அடுப்பில் மீன் ஏறவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வருகிற செவ்வாய். போகிற எண்ணம் இல்லை என்கிறான். என்னிடம்கூட இவ்வளவு நாளும் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. கோபிக்கிற நேரமா அது.

சும்மா வந்த பியரை இரண்டு பேரும் தொடவில்லை. ஏதும் பிழையா என்று வெயிட்டர் வந்து கேட்டான்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். கோயிலுக்குப் போகவில்லை. மனைவியிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே வயித்துப் பிறப்பு, ஒரே வீம்பு" என்றாள். கரவெட்டியில் அவளுக்கு ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள். யோ.வின் அண்ணியின் நம்பரை அவளிடம் எடுக்கலாமாம்.

போன் எடுப்பதா, விடுவதா. மற்றவன் வீட்டு விஷயத்தில் எனக்கென்ன வேலை. பகல் முழுக்க இதே யோசனை. ஒருவருக்குப் பிழையான பிரேக் கட்டையைக் கொடுத்தனுப்ப, அவர் திரும்பி வந்து ஏசிவிட்டுப் போனார்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணிக்குப் போன் எடுத்தேன். அண்ணிக்கு என்னை ஞாபகம் இருந்தது. யோகனுக்கு ஏன் சொல்லிவிடவில்லை என்று நேரடியாகவே கேட்டேன்.

"கூடப்பிறந்தவருக்கு ஆரும் சொல்லிவிடுறதே, தம்பி? ஊராக்களுக்குத்தான் சொன்னனாங்கள். அவர் தானா வருவார் எண்டு நினைச்சம். வருவார், வருவார் எண்டு பிரேதத்தை எடுக்காமல் வைச்சிருந்தம். ஐயர் ஏசின பிறகுதான் எடுத்தது."

அந்தியேட்டிக்காவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னா.

இதை யோ.விடம் சொல்வதா? சொன்னால் உடைந்துபோவான். சொல்லாவிட்டால் சாகும்வரை அவர்களை நொந்துகொண்டிருப்பான். பின்னேரம் போன் பண்ணி, அண்ணி வரச் சொன்னா என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. அரைவாசி.

"உண்மையாவோ?" என்றான். குரல் பள்ளிக்கூடத்தில் கேட்ட குரல்.

ஜூலை 15, செவ்வாய்

கடை பூட்டு. காற்று குறையவில்லை. யோ. வெள்ளை வேட்டியோடு மோட்டார்சைக்கிளில் என் பின்னால்.

நாங்கள் போய்ச் சேர, கீரிமலைக்குப் போனவர்களும் கிரியை முடித்துத் திரும்பியிருந்தார்கள். யோ. வாசல் படலையிலேயே நின்றுவிட்டான். அண்ணி தானே வந்து உள்ளே கூட்டிப்போனா. மாலை போட்ட படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டான். அழவில்லை.

பந்தியில் பரிமாறும்போது அவவே சொல்லிவிட்டா. கோபமாக அல்ல, நடந்ததைச் சொல்கிற மாதிரித்தான். "உங்களைப் பாத்துப் பாத்துத்தான், தம்பி, எடுக்கப் பிந்தினது."

யோ.வின் கை வாழையிலையில் அப்படியே நின்றது.

"நான் சந்தியிலை நிண்டனான், அண்ணி."

சோற்றுப் பாத்திரத்தோடு அவ நிலத்தில் உட்கார்ந்துவிட்டா. என்ன செய்வதென்று தெரியாமல் நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பின்னாலிருந்து ஏதோ சொன்னான். காற்றில் கேட்கவில்லை. ஓரமாக நிற்பாட்டி, என்ன என்று கேட்டேன்.

"செத்துக் கிடந்தும் அண்ணை என்னைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார், மச்சான். நான்தான் போகேல்லை."

மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினேன்.