மூன்றாவது கால்

மார்ச் 2, ஞாயிறு

மழை. ஆனாலும் போனேன். மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் நாங்கள் ஆறு பேர் கார்ட்லி காட்டில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து பச்சை மரத்தைச் செதுக்கிக்கொண்டிருப்போம். கரண்ட் கூடாது. காலால் மிதித்து ஓட்டும் கடைசல் எந்திரம் மட்டும்தான். இன்று யாரும் எதையும் செதுக்கவில்லை. காட்டுக்குச் சொந்தக்கார அம்மாள் டிசம்பரில் இறந்ததிலிருந்து நாங்கள் பயந்துகொண்டிருந்த கடிதம் வந்துவிட்டது.

காட்ஃப்ரி வாசித்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். கடித உறையைக்கூட ஏதோ சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் பிரிப்பார். அந்த அம்மாளின் அண்ணன் மகன் ஹம்ஃப்ரி ஸ்டோக் என்பவர்தான் இனி சொந்தக்காரர். மே 4 அன்று நேரில் வந்து எங்களைப் பார்த்துவிட்டு, இருக்கலாமா காலி செய்யணுமா என்று முடிவெடுப்பாராம்.

அவருக்கு ஒரு முக்காலி செய்து கொடுப்பது என்று தீர்மானம். பலகை காட்ஃப்ரி. கால் மூன்றும் நான். "கடைசல்ல பெரிலை விட்டா ஆள் ஏது?" என்றாள் டிலிஸ். அவள் கரண்டி தவிர வேறெதுவும் செய்யமாட்டாள், ஆனால் நியாயஸ்தி. யாரும் மறுக்கவில்லை. காட்ஃப்ரி மட்டும் இருமினார்.

"நாலு காலா கடைஞ்சிடுங்க பெரில். ஒண்ணு வெடிச்சாலும் கைவசம் இருக்கும்."

"நான் கடைஞ்சது வெடிக்காது" என்றேன். மூன்றுதான் கடையப்போகிறேன்.

மார்ச் 5, புதன்

வீட்டு ஷெட்டில் இருக்கும் என் கடைசலில் மூன்று கால் முடிந்தது. மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

இனி காயணும். பலகை ஈரமாக இருக்கணும், கால் எலும்பாகக் காய்ந்திருக்கணும். காய்ந்த காலை ஈரப் பலகையின் துளையில் அடித்து இறக்கினால், பலகை காயக் காயச் சுருங்கி காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன், என் கணவர் நெவிலின் குளியல் துண்டுகளுக்கு மேல்.

மார்ச் 9, ஞாயிறு

நெவில் பட்டாணி தேடி ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே கரண்டிக்கான பிர்ச் மரத் துண்டுகள் ஒன்பது. உறைய வைத்தால்தான் ஈரம் போகாது, செதுக்க லேசாக இருக்கும். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். பட்டாணி அரைப் பொட்டலம்.

"பெரில், இந்த வீட்ல ஜில்லுனு இருக்கிற இடத்துலயும் மரம், சூடா இருக்கிற இடத்துலயும் மரம். நான் எங்கதான் இருக்கட்டும்?"

பாவம்தான். ஆனால் மரத் துண்டுகளை எடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றேன். அந்த முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெவிலிடம்கூடச் சொன்னதில்லை. பிறகு ஒரு ஞாயிறு டிலிஸ் என்னைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மிதித்தேன், மரம் சுற்றியது, சுருள் பறந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காடு போய்விட்டால் நான் என்ன பண்ணுவேன்? வேறு இடம் பார்க்கலாம் என்கிறார்கள். எங்கே? யாருடைய கார் ஷெட்டில்?

ஏப்ரல் 3, வியாழன்

வெடித்துவிட்டது. ஒரு கால். மேலிருந்து கீழே வரை, விரல் நுழையும் பிளவு.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் கால்களைப் பலகையில் இறக்குகிறோம். ஓடிப்போய் ஷெட்டில் புதுசு ஒன்று கடைந்தேன். அச்சு அசல் அதே மாதிரி. ஆனால் ஈரம் சொட்டுகிறது. குறைந்தது மூன்று வாரம் காயணும், இருப்பது மூன்று நாள்.

காட்ஃப்ரிக்கு போன் பண்ணி உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என்ன சொல்வார்? "நாலு கடையச் சொன்னேனே." அந்தக் குரலில். பல் துலக்கினீர்களா என்று கேட்கிற அதே குரலில்.

சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 5, சனி

அடுப்புக்குள் வைத்தேன். ஹேர் டிரையர் பிடித்தேன். நெவில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

காய்ந்த கால் இரண்டையும் தட்டினால் டங் டங் என்கிறது. புதுசைத் தட்டினால் தொப்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காட்ஃப்ரி ஒவ்வொரு காலாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். டங். தலையாட்டினார். மூன்றாவதைத் தூக்கினார். "டீ ஆறிப்போகுது, சீக்கிரம் வாங்க" என்று டிலிஸ் கத்தினாள். கீழே வைத்துவிட்டார். டிலிஸுக்குக் கோயில் கட்டலாம்.

சுத்தியலால் அடித்து இறக்கினோம். மூன்றும் கச்சிதம். ஈரக் கால் முதல் நாள் நன்றாகத்தானே உட்காரும்.

"அருமைங்க பெரில்" என்றார் காட்ஃப்ரி. ஆறு வருஷத்தில் முதல் தடவை. அதுவும் இதற்குத்தானா வரணும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முக்காலி காட்ஃப்ரி வீட்டில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதாம், அழகுக்காக. கணப்புக்குப் பக்கத்தில்! கால் காய்ந்து சுருங்குமே.

ஏப்ரல் 27, ஞாயிறு

எலுமிச்சை கேக் செய்து எடுத்துக்கொண்டு காட்ஃப்ரி வீட்டுக்குப் போனேன். அவர் டீ போட உள்ளே போன நேரத்தில் மூன்றாவது காலைப் பிடித்துப் பார்த்தேன். கையோடு சுற்றியது. முக்காலி மேல் அவர் பூனை படுத்திருந்தது. என்னையே பார்த்தது. அழுத்தித் திருகி உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னொரு தடவை எண்ணெய் பூசணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். இது என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்."

கேக்கில் முக்கால்வாசி நானே தின்றேன்.

மே 3, சனி

நாளைக் காலை போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன்.

மே 4, ஞாயிறு

சொல்லவில்லை.

சொல்லத்தான் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் வந்து நிற்கிறார். ஹம்ஃப்ரி ஸ்டோக் ஆறடிக்கு மேல், அதற்கேற்ற அகலம். ரப்பர் பூட்ஸில் ஒரு பொட்டு சேறு இல்லை. கையில் நோட்டுப்புத்தகம். கடைசலைப் பார்த்தார், எழுதினார். டிலிஸின் கரண்டிகளைப் பார்த்தார், எழுதினார். "இந்தக் கூட்டத்தால இந்தக் காட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார்.

அப்போதுதான் காட்ஃப்ரி முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து பேச ஆரம்பித்தார். ஆணி இல்லை, பசை இல்லை, நூறு வருஷம் நிற்கும். நூறு வருஷம் என்று இரண்டு தடவை சொன்னார்.

"உட்கார்ந்து பாருங்க" என்றார்.

"உட்காராதீங்க" என்றேன். சத்தமாகவே. நூலகத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை.

"பரவாயில்லம்மா, பேன்ட் அழுக்கானா ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே அந்த மனுஷன் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வினாடி நின்றது. பிறகு மூன்றாவது கால் பொறுமையாகச் சாய்ந்தது. அவரும் பொறுமையாகச் சாய்ந்தார், நோட்டோடு. மரச் சீவலில் மல்லாந்து கிடந்தார். கால் உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது.

"நான்தான். அந்தக் கால் காயவே இல்ல. பழசு வெடிச்சிடுச்சு, வெட்கப்பட்டு மறைச்சிட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

காட்ஃப்ரி முகம் சிவந்துபோனது. "எத்தனை நாள் காய வச்சீங்க?"

"மூணு."

"மூணு நாளா? நான் நாலு கால் கடை..."

"சொன்னீங்க. சொன்னீங்கன்னுதான் சொல்லல."

"எண்ணெய்ல போட்டிருக்கலாமே" என்றது ஒரு குரல். "எண்ணெயா? சூடான மணல்ல புதைக்கணும்" என்றது இன்னொன்று. டிலிஸ் குறுக்கே புகுந்து மணலைப் பற்றிப் பேசுகிறவர்கள் மணலையே பார்த்ததில்லை என்றாள். அவ்வளவுதான், எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோயிற்று. கால் மணி நேரம் கழித்துத்தான், விருந்தாளி இன்னும் தரையில் இருக்கிறாரே என்று எனக்கு உறைத்தது.

அவர் எழுந்திருக்க முயற்சி பண்ணிக்கொண்டிருக்கவில்லை. கவிழ்ந்த முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு காலையும் பலங்கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார். அசையவில்லை.

"இது ரெண்டும் ஏங்க வரமாட்டேங்குது?"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். புரியவில்லை என்றார். அவரையே கடைசலை மிதிக்க விட்டோம். முதல் மிதியில் மரம் எகிறிப் போய் டீ கெட்டிலைத் தள்ளியது. இரண்டாவதில் சுருள் பறந்தது. அவர் மனைவி மூன்று தடவை போன் பண்ணினார், எடுக்கவில்லை. இருட்டும் நேரத்தில் பூட்ஸெல்லாம் சேறாகக் கிளம்பிப் போனார்.

முடிவு எதுவும் சொல்லவில்லை. நோட்டைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துப் பார்த்தோம். பார்த்திருக்கக் கூடாதுதான். கடைசி வரி: "பயன் — தெரியவில்லை."

போச்சு. என்னாலதான் போச்சு.

மே 5, திங்கள்

காட்ஃப்ரி போன் பண்ணினார். திட்டத்தான் என்று நினைத்தேன்.

"பலகையும் அவ்வளவு ஈரமா இல்லைங்க பெரில். கார்ப்பெட்ல தண்ணி சொட்டுச்சு. அதனால மார்ச்லயே கணப்புக்கிட்ட வச்சுக் காய விட்டுட்டேன். கால் காஞ்சிருந்தாலும் அது நூறு வருஷமெல்லாம் நின்னிருக்காது."

"எத்தனை வருஷம் நின்னிருக்கும்?"

"ஒரு ஒன்றரை."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆறு வருஷத்தில் அந்த ஆளோடு சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

மே 19, திங்கள்

கடிதம் இல்லை.

மே 30, வெள்ளி

இன்னும் இல்லை. வருகிற ஞாயிறுதான் கடைசி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நெவில் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார். "அந்தக் காடு இல்லன்னா நீ மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துடுவியோன்னு பயமா இருக்கும்மா" என்றார். இவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதே தெரிந்திருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

ஹம்ஃப்ரி வந்தார். நோட்டை வாங்கிப்போக வந்திருப்பார் என்று டிலிஸ் அதை நீட்டினாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதே பையிலிருந்து உறை பிரிக்காத ஒரு கைக்கோடாலியை எடுத்தார். "எங்க உட்காரட்டும்?" என்றார்.

டிலிஸ் ஒரு வெட்டுமரக் கட்டையைக் காட்டினாள். "அதுல உட்காருங்க. அதுக்குக் காலே கிடையாது."

அனுமதி பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்கப் போனேன். காட்ஃப்ரி கையைப் பிடித்துக்கொண்டார்: "கேட்காதீங்க."

ஜூன் 14, சனி

மத்தியானம் நெவில் ஐஸ்கிரீம் தேடி ஃப்ரீசரைத் திறந்தார். வெகுநேரம் மூடவே இல்லை.

"பெரில், பன்னெண்டு கட்டை புதுசா இருக்கு. எல்லாத்துலயும் 'ஹம்ஃப்ரி — தொடக் கூடாது'ன்னு எழுதியிருக்கு. யாரும்மா இந்த ஆளு?"

"காட்டுக்குச் சொந்தக்காரர். அவர் வீட்டு ஃப்ரீசர்ல வைக்க அவர் மனைவி விடமாட்டேங்கிறாங்களாம். பன்னெண்டையும் கரண்டியா செதுக்கி முடிக்க ஒரு வருஷம் ஆகும்னார்."

நெவில் கதவை மூடினார். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி திறந்தார்.

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்."

"அப்ப என் பட்டாணி இருக்கலாமா, காலி செய்யணுமான்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லு" என்றார்.