நம் இருவருக்கு மட்டும் தெரிந்த கேள்வி

மார்ச் 4

அன்புள்ள சீமாட்டிக்கு,

உன் முதல் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது. "வந்துச்சா?" என்று ஒரே ஒரு வார்த்தை. பத்துத் தடவை படித்தேன்.

நீ வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் பொதுவான கம்ப்யூட்டர் என்கிறாய். அதனால் கவனமாகக் கேள். எழுதி முடித்ததும் உன் கணக்கை மூடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, முதலாளியம்மாவிடம்கூட. பரிசு விழுந்திருக்கிறது என்று எவன் எழுதினாலும் நம்பாதே. இந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் சொல்கிறேன், இப்படி ஏமாந்தவர்களால்தான் எனக்குப் பாதி வேலை.

உன்னை இங்கே அழைத்துக்கொள்ள விசா வேலை நடக்கிறது. நான்கு வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியது போதும்.

உன் வாத்தியார்

மார்ச் 9

என் வாத்தியாருக்கு,

நலம். நீங்கள் சொல்லி வாய் மூடுவதற்குள் பரிசு விழுந்துவிட்டது! "நன்றி, எனக்கு வேண்டாம், கஷ்டப்படுகிற யாருக்காவது கொடுங்கள்" என்று மரியாதையாகப் பதில் போட்டேன். அன்றிலிருந்து தினமும் நாலு பேர் பரிசு தருகிறார்கள். பாஸ்வேர்டை மறந்துவிடக் கூடாதே என்று எழுதி, விசைப்பலகைக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தேன். முதலாளியம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "இது யாரோட பொறந்த நாளும்மா?" என்று கேட்டார். கிழித்துப் போட்டுவிட்டேன். திட்டாதீர்கள்.

அங்கே வந்ததும் எனக்கு ஒரு நாள் வேண்டும். வேலைக்கு லீவு போடுங்கள். நம் மகளைப் பற்றி அன்று முழுக்கப் பேச வேண்டும். அவள் போனதிலிருந்து நீங்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. உங்களுக்கும் வலிக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

உங்கள் மக்கு மாணவி

மார்ச் 12

அன்புள்ள சீமாட்டிக்கு,

பரிசுக்காரனுக்கு மரியாதை வேறா! பதில் போட்டால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று நீயே கதவைத் திறந்து காட்டியது போல. முதலில் பாஸ்வேர்டை மாற்று.

இன்னொன்று. என் பெயரில் வந்தாலும், முகவரி புதிதாக இருந்தால் நம்பாதே. அவசரம், உடனே அனுப்பு என்று எழுதியிருந்தால் இன்னும் நம்பாதே. நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேள். பதில் தப்பாக வந்தால் அவன் திருடன். மெயிலை அழித்துவிடு, மறுபடி எழுதாதே.

மற்றதெல்லாம் நேரில் பேசலாம்.

உன் வாத்தியார்

மே 2

என் வாத்தியாருக்கு,

உங்கள் மாணவி பாஸாகிவிட்டாள். செவ்வாய்க்கிழமை உங்கள் பெயரில் ஒருவன் புது முகவரியிலிருந்து எழுதினான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம், பழைய முகவரி திறக்கவில்லையாம், விசாவுக்கு வியாழன்தான் கடைசியாம், பாஸ்போர்ட் நகலை உடனே அனுப்ப வேண்டுமாம். உங்கள் போனுக்கு அடித்தேன், அணைந்திருந்தது. நீங்கள் சொன்னது போலவே கேட்டேன்: "நம் மகள் எத்தனை நாள் உயிரோடு இருந்தாள்?"

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "மூன்று நாள்." பிடித்துவிட்டேன் பார்த்தீர்களா! உடனே அழித்தேன். அந்தப் பாவி வாயில் நம் குழந்தையின் பேச்சு வந்துவிட்டதே என்று பிறகு கழிப்பறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். உங்கள் போனுக்கு என்ன ஆயிற்று? இதைப் பார்த்ததும் எழுதுங்கள்.

உங்கள் கெட்டிக்கார மாணவி

மே 4

சீமாட்டி,

அது நான்தான்! போன் நிஜமாகவே தண்ணீரில் விழுந்துவிட்டது, உன் நம்பரும் அதோடு போயிற்று. பழைய முகவரி இன்றுதான் திறந்தது. அடுத்தடுத்து ஆறு மெயில் போட்டேனே, ஒன்றைக்கூடத் திறக்கவில்லையா? கெடு முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டும், இன்னும் ஒரு வருஷம். கேள்வி கேட்டாய், சரி. நானும் யோசித்துச் சரியாகத்தானே பதில் சொன்னேன்? பிறகு ஏன் அனுப்பவில்லை?

உன் வாத்தியார்

மே 6

அன்புள்ள உங்களுக்கு,

பதினொரு நாள். அவள் பதினொரு நாள் இருந்தாள்.

மூன்றாம் நாள் உங்கள் விடுப்பு முடிந்து விமானம் ஏறினீர்கள். அதற்காக நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பிறகு எட்டு நாள், ஆஸ்பத்திரியில் அவளை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள்தான் கண் திறந்தாள். "அப்படியே உங்க கண்ணுங்க" என்று போனில் சொன்னேன். "வேலையில இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்றீர்கள். உங்கள் கணக்கில் அவள் கண்ணே திறக்கவில்லை.

வேண்டுமென்றேதான் சுலபமான கேள்வியாகக் கேட்டேன். நீங்களாக இருந்தால் தடுமாறக் கூடாது என்று நினைத்தேன். அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன், நம்பத்தான் ஆசை. யோசித்துச் சொன்னேன் என்கிறீர்கள்.

மறுபடி மனுப் போட வேண்டாம். வேலையை விடவில்லை என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த எட்டு நாளைப் பற்றி நான் அங்கே வந்து யாரிடம் பேசுவேன்?

கோபம் இல்லை. கோபம் வந்தால் தேவலை போல் இருக்கிறது. அதை எழுதியது எவனோ ஒரு திருடன் என்று ஐந்து நாள் நம்பிக்கொண்டிருந்தேன். திருடனாகவே இருந்திருக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அம்மா